வாசலுக்கு வெளியே ஓர் இடம்

ஊரும் கட்டடமும் – 17

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் முதலில் சொல்வது நிறத்தைத்தான். "கோயில் மாதிரியே இருக்கு" என்கிறார்கள். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்த கட்டடம். அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்துபோகலாம், நெரிசல் நேரத்தில் 3,500 பேரைத் தாங்கும் என்பது கணக்கு. ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணங்கள், கோலம், ஓவியங்கள் என்று ஊரைக் கட்டடத்துக்குள் கொண்டுவர மெனக்கெட்டிருக்கிறார்கள். எந்த ஊரில் இறங்கினோம் என்றே தெரியாத கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே இது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. 'வெறும் மேக்கப்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் உண்டு. அவ்வளவு கோபம் வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம். கோபுரத்திடம் வாங்கிக்கொள்ள எவ்வளவோ இருக்க, ஏன் நிறம்? கோபுரத்தில் ஆகப் புதியது அதுதான். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புதிதாகப் பூசுவது. ஸ்ரீரங்கத்திலேயே கிழக்கே வெள்ளைக் கோபுரம் வண்ணமில்லாமல் நிற்கிறது. அதன் கம்பீரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ராஜகோபுரமேகூட அவ்வளவு பழசு இல்லை. விஜயநகர ஆட்சியில் தொடங்கி, அடித்தளத்துக்கு மேல் ஏறாமல் நின்றுபோனது. தலைமுறை தலைமுறையாக ஊருக்கு அது மொட்டைக் கோபுரம். அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் 1979இல் திருப்பணியைத் தொடங்க, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது. 13 நிலை, 236 அடி. நிலைகளைக் கட்டப் பணம் கொடுத்தவர்களில் இளையராஜாவும் ஒருவர். ஐம்பது வயது தாண்டிய ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அது கண்ணெதிரே எழும்பிய கட்டடம். இருந்தும் அதை யாரும் புதுக் கட்டடம் என்று நினைப்பதில்லை. ஸ்தபதிகளின் கைவேலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஊர் ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்த வாசலின் மேல் அது எழுந்தது என்பது.

அந்த வாசலைத் தாண்டியதும் பெருமாள் வந்துவிட மாட்டார். அடையவளஞ்சான் தெரு வரும், பிறகு சித்திரை வீதி, பிறகு உத்தர வீதி. பாத்திரக்கடை, பூக்கடை, காபிக்கடை, குடியிருக்கும் வீடுகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், ஸ்கூட்டர். ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுகிற பேச்சே. மொத்தம் ஏழு மதில். வெளிச்சுற்றுகளில் பாதி ஊர் குடியிருக்கிறது. இந்த வீதிகளின் அகலத்துக்குக் கணக்கு தேர். சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடும், தைத்தேர் உத்தர வீதியில். மூலையில் அது திரும்ப வேண்டும், வடம் பிடிப்பவர்கள் நிற்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்களும் நிற்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் திண்ணை.

பழைய வீடுகள் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகிறவை. பக்கத்து வீட்டோடு சுவர் பொது என்பதால் இரண்டு பக்கமும் வெயில் படாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ஒரே நேர்கோடு. எல்லாக் கதவும் திறந்திருந்தால் தெருவில் நின்றே கிணற்றடியைப் பார்க்கலாம். முற்றத்துச் சூடு மேலே போக, வாசல் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் காற்று வரும். இதெல்லாம் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் வரைந்து வரைந்து தேய்ந்த விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது திண்ணை. இடமும் செலவும் வீட்டுக்காரருடையது, உட்காருகிறவர் வழிப்போக்கர். எல்லா வழிப்போக்கருக்குமா என்றால் இல்லை. அக்ரஹாரத்தில் யார் நடக்கலாம் என்பதற்கே ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. திண்ணையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உத்தர வீதியில் மிச்சமிருக்கும் ஒரு திண்ணையைப் பாருங்கள். சிவப்புச் சிமென்ட் பூச்சு, பல தலைமுறை உட்கார்ந்து வழவழப்பாகிவிட்டது. ஓரத்தில் தலை வைத்துப் படுக்கச் சரிவாகக் கட்டிய திண்டு. சுவரில் விளக்கு மாடம், அதன் மேல்விளிம்பில் எண்ணெய்க் கரி. முழுவதையும் மூடி இப்போது இரும்பு கிரில். "ஏன் மாமா கிரில்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "வண்டியை வேற எங்கே நிறுத்தறது? ராத்திரி கண்டவாளும் வந்து படுத்துண்டா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு படி ஏறி உட்கார்ந்த திண்ணை இன்று தெருவிலிருந்து அரை முழம்கூட இல்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றி ஊற்றித் தெரு எழும்பிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நடந்தது இதற்கு நேரெதிர். 2015 குடமுழுக்கையொட்டிய திருப்பணியில் பழைய மழைநீர்ப் பாதைகளை மீட்டெடுத்தார்கள். அந்தப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

இனி விமான நிலையத்துக்குப் போவோம். சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர் ஒருவர். புதுக்கோட்டையிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வேன் பிடித்து ஏற்றிவிட வருகிறவர்கள் பத்துப் பேர். பாட்டி, கைக்குழந்தை, தூக்குவாளியில் புளிச்சோறு, நைலான் கயிறு கட்டி மார்க்கரில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி. வாசலில் பாதுகாப்புக் காவலர் டிக்கெட்டைப் பார்ப்பார். ஒருவர் உள்ளே போவார், பத்துப் பேர் வெளியே நிற்பார்கள். "போர்டிங் போட்டாச்சு, நீங்க கெளம்புங்க" என்று போன் வரும்வரை நகர மாட்டார்கள். இந்த நிலையத்துக்கென்று ஒரு பண்பாடு உண்டென்றால் அது இந்தக் கூட்டம்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு மேடை, மேலே நிழல், பக்கத்தில் குடிதண்ணீர், உள்ளே போனவர் வரிசையில் நிற்பது பாட்டிக்குத் தெரிகிற மாதிரி ஒரு கோணம். இவ்வளவுதான் கேட்கிறேன். கட்டி முடித்த பிறகு இரும்பு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. வரைபடத்தின் முதல் கோடே இதுவாக இருக்க வேண்டும். அக்ரஹாரத்துத் திண்ணை செய்யாததையும் இங்கே செய்யலாம்: யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இங்கிருந்து விமானம் ஏறுகிறவர் போய் இறங்கும் சிங்கப்பூரில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் கூரையோடு நடைபாதை விட வேண்டும், அது அடுத்த வீட்டோடு இடைவிடாமல் தொடர வேண்டும், எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. ஐந்தடி நடைபாதை என்று பெயர் வாங்கியது அது. லிட்டில் இந்தியாவில் மழைக்கு நனையாமல் கடை கடையாக நடக்கிற நம்மவர்கள் அனுபவிப்பது அந்தப் பழைய விதியைத்தான். இடம் தனியாருடையது, உரிமை ஊருடையது. நம் சின்னக்கடை வீதிக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால் சித்திரை வெயிலில் துணிப்பந்தல் தேட வேண்டியிருக்காது.

இன்னொன்று. திருச்சி என்றாலே கோபுரம் என்று எழுதுவது சோம்பேறித்தனம். மலைக்கோட்டை மேலிருந்து பார்த்தால் கோதிக் பாணியில் லூர்து மாதா ஆலயத்தின் கூர்முனை தெரிகிறது. ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கிறிஸ்து ஆலயம் கோட்டைக்குள் இருக்கிறது. நத்தர்வலி தர்கா இருக்கிறது, சந்தா சாகிப் அடங்கிய இடம். கோதிக் கூர்முனை வெளியூர்ச் சரக்குதான். இன்று அது இல்லாமல் மெயின்கார்டு கேட்டை யாரும் படம் வரைய முடியாது. மலைக்கோட்டையின் காலடியில் இருக்கும் தெப்பக்குளத்தைத்தான் சுற்றிலும் கடை கட்டி மறைத்துவிட்டோம். புடவை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே தண்ணீர் இருப்பதே தெரியாது.

பஞ்சப்பூரில் 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். லாரி முனையம், காய்கறிச் சந்தை என்று அந்தப் பக்கமே அடுத்தடுத்துத் திட்டங்கள். முகப்பில் யாளி வைப்பதா, கல்லணை ஓவியம் வைப்பதா என்கிற பேச்சு எப்படியும் வரும். வைத்துக்கொள்ளட்டும். சந்தையின் வரைபடம் மேசைக்கு வரும்போது நான் முதலில் தேடப்போவது வேறு: விடியற்காலை மூட்டை இறக்கி முடித்தவர் வெயில் ஏறிய பிறகு முதுகைச் சாய்க்க எங்கே இடம் விட்டிருக்கிறார்கள்?

(தொடரும்)