இரண்டு ஜூலை 11

பார்சிலோனாவின் சர்ரியா மைதானம், 1982 ஜூலை 5. கால்பந்து உலகக் கோப்பையில் இத்தாலி 3, பிரேசில் 2. டிரா செய்தாலே பிரேசிலுக்கு அரையிறுதி நிச்சயம். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் பாக்கி. பிரேசிலின் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்து கம்பத்தின் ஓரமாக இறங்குகிறது. இத்தாலியின் நாற்பது வயது கோல்கீப்பர் டினோ ஸோஃப் பாய்ந்து, கோட்டின் மேலேயே அதை அமுக்கிப் பிடிக்கிறார். தட்டிவிடவில்லை, பிடித்தார். நழுவியிருந்தால் இத்தாலியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆறு நாள் கழித்து, ஜூலை 11 அன்று மாட்ரிட்டில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்று, அணித்தலைவராகக் கோப்பையைத் தூக்கினார் ஸோஃப். அவரைவிட மூத்த வயதில் உலகக் கோப்பையை வென்றவர் இன்றுவரை யாருமில்லை.

சரியாக 39 ஆண்டுகள் கழித்து அதே ஜூலை 11. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், பெனால்டி வரை வந்துவிட்டது. இங்கிலாந்தின் சாஞ்சோ அடித்ததைத் தடுத்த இத்தாலி கோல்கீப்பர் ஜான்லூயிஜி டொன்னரும்மா, கடைசியாக சாக்கா அடித்ததையும் தடுக்கிறார். தடுத்தவர் துள்ளிக் குதிக்கவில்லை. அமைதியாக எழுந்து நடக்கிறார். ஜெயித்துவிட்டோம் என்பதே தனக்கு அப்போது உறைக்கவில்லை என்று பிறகு சொன்னார். அவருக்கு அப்போது 22 வயது. தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

இத்தாலியில் கோல்கீப்பர் வேலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க, இந்த இருவரை அருகருகே நிறுத்தினாலே போதும்.

வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஸோஃப். பதினான்கு வயதில் இன்டர் மிலான், யுவென்டஸ் இரண்டு அணிகளின் தேர்விலும் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். தினம் எட்டு முட்டை சாப்பிடு என்றாராம் பாட்டி, பேரனும் சாப்பிட்டார். பிழைப்புக்கு மெக்கானிக் வேலையும் கற்றுக்கொண்டார். 1961இல் உதினேசே அணிக்காக முதல் தர லீக்கில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கினார். பிறகு மான்டோவா, நேப்போலி என்று படிப்படியாக ஏறி, யுவென்டஸின் சட்டையைப் போட்டபோது வயது முப்பது. ஒருகாலத்தில் குள்ளம் என்று தள்ளிய அதே அணிக்கு, 1972 முதல் 1983 வரை பதினோரு பருவங்களில் 330 லீக் ஆட்டங்கள் ஆடினார், ஒன்றைக்கூடத் தவறவிடாமல்.

டொன்னரும்மாவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாவில் பிறந்தவர். சிறுவனாகவே ஏசி மிலான் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, 2015 அக்டோபரில், பதினாறு வயது எட்டு மாதத்தில், அதன் முதல் அணியில் இறங்கிவிட்டார். ஸோஃபின் உயரம் 182 செ.மீ.; இவருடையது 196. 2016 செப்டம்பர் 1 அன்று பாரி நகரில் பிரான்சுக்கு எதிராக, இத்தாலி அணியின் 38 வயது கோல்கீப்பர் புஃபோன் இடைவேளையில் வெளியேற, 17 வயது டொன்னரும்மா உள்ளே வந்தார். ஒரு தலைமுறை இன்னொன்றுக்குக் கோலைக் கைமாற்றிய மாலை அது.

மாறியது வயதும் உயரமும் மட்டுமல்ல. ஸோஃப் காலத்தில் வீரரின் உரிமை கிளப்பிடம் இருந்தது. எங்கே போவது என்பதைக் கிளப்புகள்தான் பேசி முடித்தன. இத்தாலியின் 1981ஆம் ஆண்டுச் சட்டமும், 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்பும் அந்தக் கட்டை அவிழ்த்தன. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் தன் வழியே போகலாம். அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை இருந்தது. 2017இல் டொன்னரும்மா மிலானோடு ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தயங்கியபோது, போலந்தில் நடந்த இளையோர் போட்டியில் அவருடைய கோலை நோக்கிப் போலி டாலர் நோட்டுகளை வீசினார்கள் ரசிகர்கள். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. 2021இல் மிலானுக்கு ஒரு காசும் கிடைக்காமல் பாரிஸ் அணிக்குப் போனார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 1992இல் வந்தது. சக வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றது புதிய விதி. அதுவரை நெருக்கடி வந்தால் பந்தைப் பின்னால் தள்ளுவார்கள், ஸோஃப் அள்ளிக்கொள்வார், அணி மூச்சு வாங்கும். 1992க்குப் பிறகு கோல்கீப்பருக்கும் கால் வேண்டும் என்றானது. கொஞ்சம் கொஞ்சமாகக் காலே முதல் தகுதி ஆகிவிட்டது. 2016இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த பயிற்சியாளர் குவார்டியோலா, கால் வேலை போதாது என்று ஜோ ஹார்ட்டை ஓரங்கட்டியதைக் கால்பந்து உலகமே பார்த்தது.

டொன்னரும்மாவின் குறையும் அதுதான் என்றார்கள். 2025 மார்ச்சில் லிவர்பூலின் சொந்த மைதானத்தில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து பாரிஸ் அணியைக் காப்பாற்றியவர் அவர். மே 31 அன்று இன்டரை 5-0 என்று வீழ்த்தி அந்த அணி முதன்முதலாக சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அடுத்த ஆகஸ்டிலேயே, தனக்கு வேறு வகையான கோல்கீப்பர் தேவை என்று சொல்லி, பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை அணியிலிருந்து நீக்கினார்.

அவரை வாங்கியது யார்? அதே குவார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டி. அந்த செப்டம்பரிலேயே உலகின் சிறந்த கோல்கீப்பருக்கான யாஷின் விருதும், 2021க்குப் பிறகு இரண்டாவது முறையாக, அவருக்குக் கிடைத்தது.

கால் வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. இன்றைய ஆட்டத்துக்கு அது வேண்டும். டொன்னரும்மாவும் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் பதினொரு பேரில் ஒருவருக்கு மட்டும் கையால் பந்தைத் தொட அனுமதி கொடுத்திருக்கிறது இந்த ஆட்டம். அந்த ஒருவரை அளக்கும்போது கையை இரண்டாம் இடத்தில் வைப்பது நியாயமல்ல. சர்ரியாவில் கோட்டின் மேல் பந்தைப் பிடித்ததும் கைதான். வெம்ப்ளியில் சாக்காவைத் தடுத்ததும் கைதான். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, கோல்கீப்பரின் கால் தடுமாறியதும் சலித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, அவர் கையைப் பாருங்கள்.