பொலித்தீன் இல்லங்களில் நீர் வியர்த்தலைக் குறைத்தல்

மலைநாட்டில் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை முதலிய பகுதிகளில் தக்காளி, குடைமிளகாய், சலாது வெள்ளரி ஆகிய பயிர்களைப் பொலித்தீன் இல்லங்களுட் செய்கை பண்ணும் கமக்காரர் பலர் உளர். மழையில் நனையாது பயிரைக் காத்தலே இவ்வில்லங்களின் முதல் நோக்கமாகும். ஆயினும், மழையே பெய்யாத இரவிலுங்கூடக் கூரையின் உட்புறத்தில் நீர்த்துளிகள் திரண்டு பயிரின்மேற் சொட்டுவதை விடியற்காலையிற் காணலாம். பெருஞ்செலவு செய்து மழையைத் தடுத்த கமக்காரர், இல்லத்தினுள்ளேயே பெய்யும் இச்சிறு மழையையும் தடுத்தல் வேண்டும்.

இதனால் விளையும் தீங்கு

சாம்பற் பூஞ்சணம், பிந்திய வெளிறல் முதலிய நோய்களை உண்டாக்கும் கிருமிகளின் வித்திகள் முளைப்பதற்கு, இலையின்மேற் சில மணிநேரம் ஈரம் தங்கியிருத்தல் வேண்டும். கூரையிலிருந்து சொட்டும் நீர் அவ்வீரத்தை அளிப்பதோடு, நோயுற்ற இலையிலுள்ள வித்திகளை அயலிலுள்ள செடிகளுக்குத் தெறிக்கவும் செய்கின்றது. இந்நிலையில் எத்தனை முறை பங்கசு நாசினி தெளித்தாலும் நோய் மீண்டும் மீண்டும் தோன்றும். பணம் செலவாகுமேயன்றிப் பயன் குறைவாகும்.

நீர் எங்கிருந்து வருகின்றது?

கூரையில் துவாரம் உண்டென்று எண்ணிப் பலர் அதனைத் தேடுவர். துவாரத்தால் ஒழுகும் நீர் மழை பெய்யும்போது மட்டும், ஓரிடத்தில் மட்டும் விழும். வியர்வை நீரோ தெளிந்த குளிர் இரவுகளிலே கூரை முழுவதும் படியும். இவ்வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ளல் நன்று.

குளிர்நீர் நிரப்பிய பித்தளைச் செம்பின் வெளிப்புறம் சிறிது நேரத்தில் வியர்க்கின்றது. செம்பிலிருந்த நீர் கசிந்து வெளிவந்ததன்று. வளியிலிருந்த நீராவியே குளிர்ந்த பரப்பில் ஒடுங்கி நீராயிற்று. பொலித்தீன் இல்லத்திலும் இதுவே நிகழ்கின்றது. வெப்பமான வளி மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த வளி குறைவாகவே தாங்கும். ஒரு கனமீற்றர் வளி 24 பாகை செல்சியசில் ஏறக்குறைய 22 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. 12 பாகையிலோ அது 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும்.

100 சதுர மீற்றர் பரப்பும் சராசரி மூன்றரை மீற்றர் உயரமும் உள்ள ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். மாலையில் 24 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதனும் உள்ள வளியை உள்ளே அடைத்துவிட்டால், அது இரவில் 12 பாகைக்குக் குளிரும்போது இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட நீர் ஒடுங்கும். ஈரமான நிலமும் இலைகளும் திறந்த நீர்த்தொட்டியும் இரவு முழுவதும் விடும் ஆவி இதற்கு மேலதிகமாகும். முகிலற்ற இரவிற் பொலித்தீன் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, உள்ளிருக்கும் வளியிலும் பார்க்க விரைவிற் குளிர்வதனால் முதலில் வியர்ப்பது கூரையே.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. ஆவி உண்டாவதைக் குறைத்தல். நீர் பாய்ச்சுதலைக் காலையிலேயே முடித்துவிடல் வேண்டும். பிற்பகலில் நனைந்த நிலம் இரவு முழுவதும் ஆவியை விடும். செடியின் அடியில் மட்டும் நீர் விழுமாறு சொட்டு நீர்ப்பாசனத்தை அமைத்து, நடைபாதையைப் பொலித்தீனால் மூடுக. போசணைக் கரைசல் வைக்கும் தொட்டி பகலில் வெப்பமடைந்து இரவில் மிகுந்த ஆவியை விடுவதாகும். அதனை இறுக்கமான மூடியால் மூடுதல், அல்லது இல்லத்துக்கு வெளியே வைத்தல் வேண்டும்.

2. மாலையில் வளியை மாற்றுதல். இது எல்லாவற்றிலும் முக்கியமானது. பிற்பகல் 3 மணியளவிற் பக்கத் திரைகளையும் முகட்டு வாயிலையும் நன்றாகத் திறந்து, ஈர வளியை வெளியேற்றுக. வெப்பமான ஈர வளி இலேசானதாகையால் மேலெழுந்து முகட்டு வழியே செல்லும். அதற்கீடாகக் குளிர்ந்த வளி கீழ்ப்பக்கமாக உட்புகும். மேல் வாயில், கீழ் வாயில் ஆகிய இரண்டும் இருந்தாற்றான் இவ்வோட்டம் நடைபெறும். நிலத்திற் பனி உறையக்கூடிய சனவரி, பெப்ரவரி மாதக் குளிர் இரவுகளிற் பக்கத் திரைகளை மூடலாம். எனினும், முகட்டை ஒரு சாண் அளவேனும் திறந்து விடுதல் நலம்.

வெளியே மூடுபனியாயிருக்கையில் இல்லத்தைத் திறந்தால் ஈரம் உட்புகுமெனச் சிலர் அஞ்சுவர். இவ்வச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. 14 பாகையிலுள்ள வளி ஆவியால் முற்றாக நிரம்பியிருப்பினும், அது கனமீற்றருக்கு 12 கிராம் ஆவியையே கொண்டிருக்கும். அவ்வளி உள்ளே வந்து 20 பாகைக்கு வெப்பமடையும்போது அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 70 ஆகக் குறைகின்றது. பனி காற்றோடு அடித்து வரும் பக்கத்தை மட்டும் மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தல் போதுமானது.

3. காலையிற் கவனித்தல். சூரியன் உதித்ததும் இலைகள் ஆவியை விடத் தொடங்கும். வளியும் விரைவில் வெப்பமடையும். காய்களோ மெதுவாகவே வெப்பமடைவதனால் அவற்றின்மேல் நீர் படியும். ஆகவே, வெயில் ஏறும்வரை காத்திராது, உதயத்தின்போதே முகட்டைச் சிறிது சிறிதாகத் திறத்தல் வேண்டும்.

4. கூரையைச் சீர்செய்தல். தட்டையான கூரையிலும் தொய்ந்த பொலித்தீனிலும் துளிகள் நின்றவிடத்திலேயே பெருத்துச் சொட்டும். பொலித்தீனை இறுக்கிக் கட்டி, நல்ல சரிவு கொடுத்தால், நீர் பரப்போடு ஒட்டி வழிந்து ஓரத்தை அடையும். அங்கே சிறு பீலி அமைத்து அதனை வெளியேற்றலாம். துளி சொட்டாவகையிற் செய்யப்பட்ட பொலித்தீனை வாங்கினால், உட்புறமாக இருக்கவேண்டிய பக்கம் எதுவென விற்பவரிடம் கேட்டறிந்து பொருத்துக. இத்தன்மை காலம் செல்லச் செல்லக் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க.

5. பயிரிடையே வளி உலவச் செய்தல். செடிகளை நெருக்கமாக நடலாகாது. முதிர்ந்த அடியிலைகளை அகற்றி இல்லத்துக்கு வெளியே அழித்துவிடுக. மின்வசதி உள்ளவிடத்து, மெதுவாகச் சுழலும் விசிறியொன்று வளியைக் கலக்கி இலைகளை உலர்த்த உதவும்.

செய்யத் தகாதது

குளிரைப் போக்கும் பொருட்டு இல்லத்தினுள் மண்ணெண்ணெய் அடுப்பை எரித்தலாகாது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிப்படும். புகைபோக்கியில்லாத அடுப்பு அவ்வாவி முழுவதையும் பயிரின் நடுவே விடுவதோடு, நச்சு வாயுவால் மனிதருக்கும் செடிக்கும் கேடு விளைவிக்கும்.

பயனை அறிதல்

விடியுமுன் மின்சூளோடு இல்லத்துட் சென்று, கூரையையும் நடுவரிசையிற் பத்துச் செடிகளையும் பார்த்து, நனைந்த செடிகள் எத்தனையென ஒரு கொப்பியிற் குறித்துவைக்க. மேற்கூறிய முறைகளைக் கைக்கொண்ட பின்னரும் இரண்டு வாரங்கள் இவ்வாறே குறித்து ஒப்பிட்டுப் பார்க்க. தொகை குறைந்துவரின், முறை சரியென அறியலாம். குறையாவிடின், நீர் பாய்ச்சும் நேரத்தையும் மூடாத தொட்டியையும் மீண்டும் கவனிக்க. திரையை உரிய வேளையிற் திறப்பதற்குக் கூலியும் இல்லை, விலையும் இல்லை. மருந்து தெளிக்குமுன் இதனைச் செய்து பார்த்தலே சிக்கனமாகும்.