வீட்டு சர்வருக்கு எந்த ஓஎஸ்?

ஏரியூர்ப் பக்கம் காற்றோடு ஒரு கோடை மழை அடித்தால் கரண்ட் போய்விடும். எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. போட்டோ, பத்திர ஸ்கேன், பாட்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு சர்வரில் வைத்துக்கொள்ள நினைப்பவர், ஓஎஸ் தேர்வை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். லினக்ஸ் வகைகளும் பிஎஸ்டி வகைகளும் இலவசம் என்பதால் காசுக் கணக்கு இல்லை.

இயந்திரம் பல வீடுகளில் பீரோ மேலேயே கிடக்கிறது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பைத்தான் சொல்கிறேன். அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவுதான். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் அதுவே யுபிஎஸ். உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்.

பேட்டரியும் தீர்ந்து, டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்தால் என்ன ஆகும்? டெபியன் வழக்கமாகப் போடும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். மறுபடி ஆன் செய்ததும் அதைப் பார்த்துச் சில நொடிகளில் சரிசெய்துகொள்ளும். ஓபன்பிஎஸ்டியில் இந்தக் குறிப்பேடு கிடையாது. பாதுகாப்புக்குப் பெயர்போன ஓஎஸ்தான். ஆனால் திடீரென அணைந்தால் டிஸ்க் முழுவதையும் சோதித்துப் பார்க்கும், சிலசமயம் கீபோர்டில் யாராவது பதில் சொல்லும்வரை காத்திருக்கும். நீங்கள் பெங்களூரில் வேலையில் இருந்தால் இங்கே அம்மாவா வந்து பதில் சொல்வார்?

ஃப்ரீபிஎஸ்டியில் உள்ள இசட்எஃப்எஸ் இன்னும் கெட்டி. பழைய தகவலின் மேலேயே எழுதாமல் புது இடத்தில் எழுதி முடித்த பிறகே மாறிக்கொள்ளும். ஆனால் நினைவகத்தை நிறையக் கேட்கும். 2 ஜிபி லேப்டாப்பில் மூச்சு வாங்கும். 8 ஜிபியும் இரண்டு டிஸ்க்கும் உள்ள கணினி இருந்தால் நான் அதைத்தான் போடுவேன்.

அடுத்தது, எத்தனை நாள் தாங்கும் என்பது. ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும். கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் வரும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. டெபியனை நடத்துவது நிறுவனம் இல்லை, தன்னார்வலர்கள். சென்ட்ஓஎஸ் 8ஐ நம்பிப் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்: 2029 வரை என்று இருந்ததை, 2021 கடைசியோடு முடித்துக்கொண்டது ரெட் ஹாட். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பும் ஐந்து வருடம் தாங்கும், அதிலும் தவறில்லை.

ஆக, பழைய லேப்டாப்புக்கு என் ஓட்டு டெபியனுக்கு. பாஸ் லினக்ஸின் அடித்தளமும் அதுதான். 64 பிட் செயலியா என்று முதலில் பாருங்கள். டெபியன் 13இல் 32 பிட்டுக்கு நிறுவி கிடையாது. அப்படிப்பட்ட கணினிக்கு ஆல்பைன் லினக்ஸ் போடலாம். டெபியனை நிறுவும்போது எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்று கேட்கும் திரையில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் டிக் செய்யுங்கள். மூடியை மூடினால் தூங்கிவிடும் என்பதால், லாகின்டி அமைப்புக் கோப்பில் மூடிக்கான வரியை ‘இக்னோர்’ என்று மாற்ற வேண்டும். திருத்தங்கள் தாமாக இறங்க அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தொகுப்பு இருக்கிறது. வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.

எந்த ஓஎஸ்ஸாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பல இணைய இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள்; வெளியூரிலிருந்து நேராக உங்கள் சர்வரைத் தொட முடியாது. இணைப்பு கொடுத்தவரிடம் தனி முகவரியோ ஐபிவி6ஓ கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து வயர்கார்டு விபிஎன் மூலம் வீட்டுக்கு வழி போட்டுக்கொள்ளலாம்.