சேத்துப்பாம்பு தெரியுமா?

லீவுக்கு ஆலப்புழையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வயல் ஓரம் மீன் வலையில் ஒரு பாம்பு சிக்கியிருந்தது. நான் கட்டையைத் தூக்கிட்டேன். மாமா, "அடிக்காதடா, அது சேத்துப்பாம்பு" என்று தடுத்து, வலையை அறுத்து விட்டார்.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். இதன் அறிவியல் பெயர் டையூரோஸ்டஸ் டுசுமியெரி. 1854-ல் பிரெஞ்சு அறிஞர்கள், விலங்குகளைச் சேகரித்த டுசுமியே என்ற பயணியின் நினைவாகப் பெயரிட்டனர். ரொம்ப நாள் என்ஹைட்ரிஸ் பேரினத்தில் இருந்தது. 2012-ல் பேரினம் மாற்றப்பட்டது. குடும்பம் ஹோமலோப்சிடே.

நம்ம ஊர் தண்ணிப்பாம்பு வேறு குடும்பம். அது முட்டையிடும், இது குட்டி போடும். மூக்குத்துளை தலைக்கு மேலே இருப்பதால் தண்ணீருக்குள் கிடந்தபடியே மூச்சு விடும். மீன்தான் உணவு. பல் வாயின் பின்பக்கம், விஷம் லேசானது. ஆனாலும் எந்தப் பாம்பையும் தொடாதீங்க!

இது வாழ்வது கேரளத்தின் தாழ்வான நெல்வயல், குளம், வாய்க்கால்களில். உலகில் வேறெங்கோ நிறைய இருக்கும் என்று நினைக்க முடியாது. அந்த வயல்களை மண் போட்டு மூடினால் இது எங்கே போகும்?

அன்று தூக்கிய கட்டையை நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கு.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்