ஒரு மனைக்கு ஒரு வீடு

பொருளியல் வகுப்பில் நிலவாரக் கோட்பாடு படித்தபோது எனக்கோர் ஐயம் எழுந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, மாடிமேல் மாடி எழும் என்கிறது பாடநூல். அமெரிக்கப் பெருநகரங்களிலோ நிலம் பொன்விலை விற்கும் இடங்களிலும் மனைக்கொரு தனிவீடாகத் தெருத்தெருவாக நிற்கின்றன. ஏன்? விடை தேடி நூலகம் புகுந்த நான், பொருளியலை விட்டுச் சட்டத்தில் போய் நின்றேன்.

அங்கே நகராட்சிகள் ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஆலை எங்கே, கடை எங்கே, வீடு எங்கே என்று வரையறுக்கின்றன. இதில் வியப்பில்லை, ஆலைப் புகைக்கருகில் யார் குடியிருக்க விரும்புவர்? ஆனால் வீடுகளுக்குள்ளேயே ஒரு பிரிவு உண்டு. சில மண்டலங்களில் ஒரு குடும்பத்துக்கான தனிவீடு மட்டுமே கட்டலாம். இரண்டு குடித்தனம் வைத்துக் கட்டினால் விதிமீறல்! கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1916-இல் இதற்கு வழிகாட்டியது என்பர். மறு ஆண்டே, கறுப்பின மக்கள் வெள்ளையர் மிகுந்த தெருவில் குடியேறுவதைத் தடுத்த லூயிவில் நகர விதியை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாத பல ஊர்களில், வீட்டின் வகையைச் சொல்லித் தடுக்க முடிந்தது.

பெயர் பெற்ற வழக்கு யூக்ளிட் என்ற சிற்றூருடையது. (ஆம், நம்மை வாட்டிய வடிவியல் ஆசிரியரின் பெயர்தான்!) ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்தை அடுத்த அவ்வூர், 1922-இல் மண்டல விதி இயற்றியது. அங்கு 68 ஏக்கர் வைத்திருந்த அம்ப்ளர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்ற நீதிபதி, இதன் விளைவு மக்களை வருமானத்தின்படி பிரித்து வைப்பதே என்று எழுதினார். எனக்கு அவர் சொன்னதே உண்மையாகப் படுகிறது. ஆனால் 1926-இல் உச்ச நீதிமன்றம் ஊருக்கே வெற்றி தந்தது. நீதிபதி சதர்லாந்து அடுக்குமாடி வீட்டை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார்!

தனிவீட்டுக்காரர் கவலையை நான் எள்ளவில்லை. வாழ்நாள் சேமிப்பெல்லாம் போட்டு வாங்கிய வீட்டின் சன்னலருகே சுவரொன்று உயர்ந்தால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? வெளிச்சம், மரம், சாக்கடை, வண்டி நிறுத்த இடம் என்று அவர்கள் கேட்பவை மெய்யான கேள்விகள். ஆனால் அக்கூட்டங்களில் பேசுவோர் ஏற்கெனவே அங்கு குடியிருப்போர். இனிமேல் வர விரும்பும் ஆசிரியைக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் அங்கே நாற்காலி ஏது?

மினியாபொலிஸ் நகரில் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு தனிவீட்டுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. 2018 டிசம்பரில் நகரமன்றம் ஒரு மனையில் மூன்று குடித்தனம் வரை கட்ட இசைந்தது; 2020-இல் விதி நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பாளர் சுற்றுச்சூழலின் பெயரால் வழக்குத் தொடுத்துத் தடையும் பெற்றனர். 2024-இல் மாநிலச் சட்டமன்றமே குறுக்கிட வேண்டியதாயிற்று. இவ்வளவு போராட்டத்துக்கும் பின் அத்தெருக்களில் எழுந்த மூன்று குடித்தன வீடுகளோ மிகச் சில. புதிய வீடுகளில் பெரும்பகுதி, பேருந்து ஓடும் பெருஞ்சாலைகளையொட்டி எழுந்த அடுக்குமாடிகளில்தான் வந்தது.