கச்சா எண்ணெய் ஏறினால் துளையிடும் கம்பெனி ஷேர் பறக்குமா? வாங்கும் முன் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்!

வளைகுடாவில் பதற்றம், கச்சா எண்ணெய் விலை ஏறுது என்று டிவியில் செய்தி ஓடினால் போதும். அடுத்த அரை மணி நேரத்தில் உங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு டிப்ஸ் வந்து விழும். 'கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டுற கம்பெனி. ஒரு காலத்துல 5,000 ரூபாய்க்கு வித்த ஷேர். இப்ப 50 ரூபாய்தான். அள்ளிப் போடுங்க!'

நீங்கள் சென்னையில் இருந்தாலும் சரி, சிற்றாறு தாமிரபரணியோடு வந்து சேரும் சீவலப்பேரியில் இருந்தாலும் சரி, இன்றைக்கு டீமேட் கணக்கு போனிலேயே திறந்துவிடலாம். வாங்குவதற்கு இரண்டு கிளிக்தான். ஆனால் போடப்போகிற பணம் உங்கள் முதல் மூன்று மாதச் சம்பளத்தின் மிச்சமாக இருக்கலாம். பிசான அறுவடை முடிந்து வீட்டுக்கு வந்த நெல் காசாகவும் இருக்கலாம். அதனால் கிளிக் பண்ணுவதற்கு முன்னால், இந்த மாதிரி கம்பெனி எப்படிச் சம்பாதிக்கிறது, எங்கே கவிழ்கிறது என்று பார்த்துவிடலாம் வாங்க.

எண்ணெய் யாருக்குச் சொந்தம்?

'எண்ணெய் ஷேர்' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. மூன்று வகை இருக்கிறது.

ஓ.என்.ஜி.சி., ஆயில் இந்தியா போன்றவை பூமிக்கு அடியில் இருந்து எண்ணெய், எரிவாயு எடுத்து விற்பவை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவை கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவந்து விற்பவை. மூன்றாவது வகைதான் நாம் பேசப்போகும் துளையிடும் கம்பெனிகள். அபான் ஆஃப்ஷோர், ஜிண்டால் டிரில்லிங் போன்றவை இந்த வகை. இவர்களிடம் இருப்பது எண்ணெய் கிடையாது. 'ரிக்' எனப்படும் ராட்சத இயந்திரம்தான் இவர்கள் சொத்து.

நம் ஊரில் போர் போட லாரி வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் லாரிக்காரருக்குக் காசு உண்டு. கிணற்றில் தண்ணீர் பொங்கினால் லாபம் தோட்டக்காரருக்கு. லாரிக்காரருக்குப் பேசிய காசு மட்டும்தான். கடலில் துளையிடும் கம்பெனிக்கும் இதே கணக்குதான். அங்கே பெரும்பாலும் நாள் வாடகை.

அப்படியென்றால் எண்ணெய் விலைக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? விலை ஏறினால் எண்ணெய் கம்பெனிகள் புதுக் கிணறு தோண்டத் துணிவார்கள், ரிக்குக்கு கிராக்கி வரும். விலை விழுந்தால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவார்கள். ரிக் சும்மா நிற்கும். ரிக் வாங்கிய கடனுக்கான வட்டி மட்டும் நிற்காது. இந்தத் தொழிலின் மொத்த ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

சென்னையிலேயே நடந்த கதை

புரிந்துகொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அபான் ஆஃப்ஷோர் 1986-ல் தொடங்கப்பட்டது. ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களுக்கு ரிக் வாடகைக்கு விட்டு வளர்ந்தது. 2006-07-ல் தன்னைவிடப் பெரிய முயற்சியில் இறங்கியது. நார்வே நாட்டு நிறுவனமான சின்வெஸ்ட்டை, பெரும்பாலும் கடன் வாங்கியே விலைக்கு வாங்கியது. அப்போது எண்ணெய் விலை ஏறுமுகம், ரிக் வாடகையும் உச்சம். 2008 ஜனவரியில் அபான் ஷேர் 5,000 ரூபாயைத் தாண்டியது.

அதே 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரல் 147 டாலர் வரை போனது. அந்த வருஷம் முடிவதற்குள் 40 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. அடுத்து 2010 மே மாதம், வெனிசுவேலா கடலில் வேலையில் இருந்த 'அபான் பேர்ல்' ரிக் மூழ்கியது. அதில் இருந்த 95 பேரும் உயிரோடு மீட்கப்பட்டது பெரிய ஆறுதல். மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' வெடித்து 11 பேர் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது.

2014 நடுவில் எண்ணெய் மறுபடி 100 டாலருக்கு மேல் இருந்தது. அபான் ஷேரும் 500 ரூபாய்க்கு மேல் விற்றது. 'உச்சத்தில் இருந்து 90% தள்ளுபடியில் கிடைக்குது' என்று அப்போதும் பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் 2016 ஜனவரியில் எண்ணெய் 30 டாலருக்குக் கீழே போனது. ரிக் வாடகை சரிந்தது, பல ரிக்குகளுக்கு வேலையே இல்லை. பத்தாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் வளர்ந்திருந்த கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் போனது. 2020-ல் ஷேர் விலை 50 ரூபாய்க்கும் கீழே.

இப்போது கணக்கைப் பாருங்கள். 5,000-ல் இருந்து 500 என்பது 90% சரிவு. 500-ல் இருந்து 50 என்பதும் 90% சரிவு. உச்சத்தில் ஒரு லட்சம் போட்டவருக்கு மிஞ்சியது ஆயிரம். 'இதுக்கு மேல எங்க விழப்போகுது' என்று 500-ல் ஒரு லட்சம் போட்டவருக்கு மிஞ்சியது பத்தாயிரம். 90% விழுந்த ஷேர் இன்னொரு 90% விழ முடியும். பழைய உச்ச விலை அந்த ஷேரின் மதிப்பைப் பற்றி எதுவுமே சொல்லாது.

இது ஒரு கம்பெனியின் தலையெழுத்து மட்டும் கிடையாது. டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வாலாரிஸ் என்ற மூன்று பெரிய சர்வதேச துளையிடும் நிறுவனங்கள் 2020 ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. கம்பெனிகள் பிழைத்தன. ஆனால் கடன் கொடுத்தவர்கள் கைக்குத்தான் அவை போயின. பழைய பங்குதாரர்களுக்குக் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை.

சரி, அப்போ எதைப் பார்க்கணும்?

1. நாள் வாடகை எவ்வளவு?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ரிக்குக்கு நாள் வாடகை 80,000 டாலர். ஆட்கள் சம்பளம், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்துச் செலவு 35,000. கடன் வட்டி 30,000. மிச்சம் 15,000. இப்போது வாடகை கால்வாசி குறைந்து 60,000 ஆகிறது. செலவும் வட்டியும் குறையவில்லை. 15,000 லாபம் 5,000 நஷ்டமாக மாறிவிட்டது! வாடகை ஏறும்போது லாபம் துள்ளுவதும், இறங்கும்போது மொத்தமாகக் காணாமல் போவதும் இதனால்தான். கம்பெனிக்குப் புதிதாகக் கிடைத்த ஒப்பந்தம், பழைய ஒப்பந்தத்தைவிட அதிக வாடகையா, குறைவா என்று முதலில் பாருங்கள்.

2. ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

எத்தனை ரிக் இருக்கிறது என்பதைவிட, எத்தனை ரிக் வேலையில் இருக்கிறது என்பது முக்கியம். ஐந்து ரிக்கில் நான்குக்கு இன்னும் ஆறே மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது என்றால், இன்றைய லாபத்தை அடுத்த வருஷமும் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு ரிக்கும் யாரிடம், எந்தத் தேதி வரை வேலை செய்கிறது என்ற பட்டியலை, கம்பெனிகள் முதலீட்டாளர்களுக்கான அறிக்கைகளில் தருவதுண்டு. பட்டியலே தராத கம்பெனி என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கடன் எவ்வளவு?

நெல் அறுக்கும் மிஷின் கதை தாமிரபரணிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எல்லா வயலும் ஒரே நேரத்தில் விளைந்து நிற்கும்போது மிஷினுக்கு மணி வாடகை எகிறும். அதைப் பார்த்துப் பலரும் கடனில் மிஷின் வாங்குவார்கள். அடுத்த சீசனில் மிஷின் அதிகம், வயல் அதே அளவு. வாடகை இறங்கும், தவணை இறங்காது. ரிக் கட்டி முடிக்க இரண்டு, மூன்று வருஷம்கூட ஆகும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. விலை உச்சத்தில் ஆர்டர் கொடுத்த ரிக், விலை விழுந்தபிறகு வந்து நிற்கும்.

வட்டி, வரிக்கு முந்தைய லாபத்தை வருஷ வட்டியால் வகுத்துப் பாருங்கள். 3-க்கு மேல் இருந்தால் மூச்சு விடலாம். 1-க்குக் கீழ் என்றால், சம்பாதிப்பது வட்டிக்கே போதவில்லை என்று அர்த்தம்.

4. ரிக்குக்கு வயசு என்ன?

கால்களைக் கடல் தரையில் ஊன்றி நிற்கும் 'ஜாக்-அப்' ரிக், ஆழம் குறைந்த கடலுக்கு. மிதந்தபடியே துளையிடும் கப்பலும் மிதவை ரிக்கும் ஆழ்கடலுக்கு. மும்பைக்கு அப்பால் 1974-ல் எண்ணெய் கண்ட 'சாகர் சாம்ராட்' ஒரு ஜாக்-அப் ரிக்தான். பழைய ரிக்குக்குப் பராமரிப்புச் செலவு அதிகம், புது ஒப்பந்தம் கிடைப்பதும் கஷ்டம். கணக்குப் புத்தகத்தில் பல நூறு கோடி என்று எழுதியிருக்கும் ரிக், வேலை இல்லாமல் போனால் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். 'புத்தக மதிப்பைவிட ஷேர் விலை கம்மி' என்ற வாதத்தை இங்கே அப்படியே நம்ப வேண்டாம்.

5. வாடகை தருவது யார்?

வருமானம் முழுக்க ஒரே வாடிக்கையாளரிடம் இருந்து வருகிறதா? அவர் டெண்டரில் விலையைக் குறைத்தால் கம்பெனிக்கு வேறு வழி இருக்கிறதா? வரவேண்டிய பாக்கி வருஷா வருஷம் விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா? லாபம் காகிதத்தில் இருந்து கையில் காசு வராமல் போகலாம். அதனால் ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்கோடு நிறுத்தாமல், பணப்புழக்க அறிக்கையையும் பாருங்கள்.

6. ஆடிட்டர் என்ன சொல்கிறார்?

மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் ஆண்டறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கும். இருநூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். தேடும் இடத்தில் 'கோயிங் கன்சர்ன்' என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். 'இந்த நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான நிச்சயமின்மை இருக்கிறது' என்று ஆடிட்டர் எழுதியிருந்தால், மற்ற ஐந்து விஷயங்களையும் பார்க்கும் வேலையே மிச்சம். அபான் விஷயத்தில் ஆடிட்டர்கள் இந்த எச்சரிக்கையை எழுதத்தான் செய்தார்கள். படித்தவர்கள் தப்பித்தார்கள்.

பி.இ. விகிதம் போடும் வேஷம்

இன்னொரு பொறி. பொதுவாக பி.இ. குறைவாக இருந்தால் ஷேர் மலிவு என்பார்கள். துளையிடும் கம்பெனியில் வாடகை உச்சத்தில் இருக்கும் வருஷத்தில் லாபமும் உச்சத்தில் இருக்கும். அதனால் பி.இ. 5, 6 என்று அழகாகத் தெரியும். உண்மையில் அதுதான் ஆபத்தான நேரமாக இருக்கலாம். ஒரு வருஷ லாபத்தை விட்டுவிட்டு, பத்து வருஷ லாப நஷ்டத்தின் சராசரியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் விலை விழுந்த 2016-ஐயும், அமெரிக்க எண்ணெய் ஒப்பந்த விலை மைனஸ் 37 டாலருக்குப் போன 2020-ஐயும் கம்பெனி எப்படித் தாண்டியது என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. கடன் குறைவு, எல்லா ரிக்கும் வேலையில், இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தம் கையில், பாக்கி ஒழுங்காக வசூல் என்று ஒரு கம்பெனி அமைந்தால், ஏறுமுகத்தில் நல்ல லாபம் தரவும் செய்யும். ஆனால் இது வாங்கிப் போட்டுவிட்டு, பிள்ளை கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஷேர் வகை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் முடிவுகளைப் பார்க்க நேரம் இல்லாதவர்கள் தள்ளி நிற்பதே நல்லது. பார்ப்பவர்களும், மொத்தமாகப் போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத சிறு தொகையோடு நிறுத்திக்கொள்ளலாம். நகையை அடகு வைத்த காசு, விதைநெல் காசு எல்லாம் இந்தப் பக்கமே வரக் கூடாது.

டிப்ஸ் கொடுப்பவர் செபியில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள். ஆய்வாளர் என்றால் 'ஐ.என்.ஹெச்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் இருந்தாலும் லாபத்துக்கு உத்தரவாதம் கிடையாது. எண்ணே இல்லை என்றால் பேச்சே வேண்டாம்.

அடுத்த முறை அந்த மெசேஜ் வந்தால், அனுப்பியவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். 'எத்தனை ரிக் வேலையில இருக்கு? ஒப்பந்தம் எப்ப முடியுது? கடன் எவ்வளவு?' பதில் தெரிந்தால் உட்கார்ந்து பேசலாம். 'அதெல்லாம் தெரியாது அண்ணாச்சி, ஆனா ஏறும்' என்றால், உங்கள் பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.