ஓனர் இறந்துவிட்டால் யூனிட் யாருக்கு? நாமினி போட்டிருந்தால் மட்டும் போதுமா?

திருப்பூரில் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு பவர் டேபிள் யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓனருக்கு 38 வயது. மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், ஊரில் அப்பா, அம்மா. பான் அவர் பெயரில், ஜிஎஸ்டி அதே பானில், யூனிட் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட். புதன்கிழமை மாரடைப்பில் அவர் இறந்துவிடுகிறார். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும். அக்கவுண்டில் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது. மனைவிக்கு அவருடைய போன் லாக்கும் தெரியும், யுபிஐ பின்னும் தெரியும். எடுத்துச் சம்பளம் கொடுத்துவிடலாமா?

கூடாது. இறந்த நிமிடத்திலிருந்து அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் சொந்தம். ஒருவர் மட்டும் பின் போட்டு எடுத்தால், எவ்வளவு நல்ல காரணமாக இருந்தாலும், நாளைக்குப் பங்குத் தகராறில் அதுவே முதல் குற்றச்சாட்டாக நிற்கும். தகவல் தெரிந்ததும் வங்கியும் கணக்கை முடக்கிவிடும்.

பிரச்சினையின் வேர், தனிநபர் நிறுவனம் என்ற அமைப்பிலேயே இருக்கிறது. போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சட்டப்படி அப்படி ஒரு ‘கம்பெனி’ கிடையாது, ஓனர்தான் கம்பெனி. அவர் இறந்ததும் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட முடியாது. உத்யம் பதிவும் அவருடைய பான், ஆதாரோடு கட்டப்பட்டது. மெஷின், ஸ்டாக், பார்ட்டிகளிடம் நிற்கும் பாக்கி, கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாமே அவருடைய தனிப்பட்ட சொத்து; வீடு, நகை மாதிரியே பங்கு பிரியும்.

‘அதான் நாமினி போட்டிருக்கேனே’

பலர் நிம்மதியாக இருப்பது இந்த ஒரு வரியை நம்பித்தான். நம் உதாரணத்து ஓனர் கல்யாணத்துக்கு முன்பே அக்கவுண்ட் தொடங்கியவர். அப்போது தம்பி பெயரை நாமினியாகப் போட்டார். பிறகு மாற்றவே இல்லை. வங்கி அந்த 6 லட்சத்தைத் தம்பியிடம்தான் கொடுக்கும். ஆனால் அது தம்பியின் பணம் ஆகிவிடாது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்று, உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டியவர், அவ்வளவுதான். நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால், 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தொகை அவர்களுக்கே சொந்தம்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை, இவருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தே நாமினி போடலாம். வசதிதான். ஆனால் தையல் மெஷினுக்கும், எக்ஸ்போர்ட் கம்பெனி தர வேண்டிய பாக்கிக்கும் நாமினி போட எந்தப் படிவமும் இல்லையே!

உயில் இல்லையென்றால் யாருக்குப் போகும்?

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், அம்மா மூவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு. அம்மாவுக்கும் சம பங்கு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்பாவுக்கு எதுவும் கிடையாது. அவர் அடுத்த வகுப்பு வாரிசு. கல்யாணம் ஆகாத ஒருவர் இறந்தால் மொத்தமும் அம்மாவுக்கே. கிறிஸ்தவர்களுக்கு மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்குகள். உயில் எழுதினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

தொழில் செய்யும் பெண்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். குழந்தை இல்லாத, கணவரை இழந்த இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து பெற்ற தாய்க்குப் போகாது. முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதுதான். 1955-ல் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பெற்றோர் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய்ச் சேமித்த அவர் 1996-ல் இறந்தார். அந்தச் சேமிப்பு கணவரின் சகோதரி மகன்களுக்குத்தான் என்று தீர்ப்பானது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம். ஒரு பக்க உயில் இருந்திருந்தால் இந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளே போதும். நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது, ‘இது அவர் கையெழுத்தே இல்லை’ என்ற சண்டையைப் பெரிதும் குறைக்கும். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். தொழில் இருப்பவர்கள் ‘என் சொத்து எல்லாம் மனைவிக்கு’ என்று ஒரு வரியில் முடிப்பதைவிட, மெஷின்கள், ஸ்டாக், வர வேண்டிய பாக்கி, அட்வான்ஸ், பிராண்ட் பெயர் என்று தனித்தனியாக எழுதி, உயிலை நிறைவேற்ற ஒருவரின் பெயரையும் குறிப்பிடுவது உதவும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

‘மச்சானுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கேன், அவன் பாத்துக்குவான்’ என்பது இன்னொரு வீண் நம்பிக்கை. பொதுவாகப் பவர் பத்திரத்தின் ஆயுள், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான்.

இறந்த பிறகு வாரிசு செய்ய வேண்டியது என்ன?

முதலில் இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அடுத்து இ-சேவை மூலம் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ். இது யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். நீதிமன்றம் தரும் ‘சக்சஷன் சர்டிபிகேட்’ வேறு. பாக்கி வைத்திருக்கும் பார்ட்டி தர மறுத்து வழக்கு வரைக்கும் போனால், தாசில்தார் சான்றிதழை வைத்து மட்டும் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க முடியாது.

தொழிலைத் தொடரும் வாரிசு, தன் பானில் புது ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: பழைய எண்ணை ரத்து செய்வதற்கு முன், அதில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் மூலம் புது எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். அவசரப்பட்டு முதலில் ரத்து செய்துவிட்டு, பிறகு ஆடிட்டரிடம் ஓடினால் அந்த வரவு சிக்கிக்கொள்ளும். தொழிலைத் தொடர்ந்தால் பழைய ஜிஎஸ்டி பாக்கியும் கூடவே வரும். உணவுத் தொழில் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தை மாற்ற 90 நாள் அவகாசம் உண்டு. வாடகைக் கட்டடத்தில் ஒப்பந்தக் காலம் மீதமிருந்தால், தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது வாரிசுக்குத் தொடரும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

கடன்? இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. ஆனால் மெஷின் லோனில் மனைவி இணை விண்ணப்பதாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே வேறு. முழுக் கடனும் அவர் தலையில். அதனால் கடன் வாங்கித் தொழில் செய்பவர்கள் டேர்ம் பாலிசி எடுக்கும்போதே, 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கலாம். பழைய சட்டம்தான், பலன் பெரிது: உங்கள் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. எடுக்கும்போதே கேட்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் ஒரு வழி உண்டு. மூன்று, நான்கு வாரச் சம்பளப் பணத்தை மனைவியுடன் சேர்ந்த, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ வகைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வைத்திருந்தால் வங்கியை எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

நண்பரோடு சேர்ந்து பார்ட்னர்ஷிப் நடத்துபவர்களுக்குத் தனிச் சிக்கல். இரண்டே பார்ட்னர்கள் என்றால், ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். அவருடைய பங்கை எந்தக் கணக்கில் மதிப்பிட்டு, எத்தனை தவணையில் குடும்பத்துக்குக் கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல், கணக்கு முடிக்காமலே மற்றவர் தொழிலைத் தொடர்ந்தால், இறந்தவரின் குடும்பம் லாபத்தில் பங்கோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ கேட்கலாம். எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் என்றால் உறுப்பினர் இறந்தாலும் நிறுவனம் நிற்காது. ஒருநபர் கம்பெனிக்கு, தொடங்கும்போதே நாமினி கட்டாயம்.

கடைசியாக, போன் நம்பர். ஜிஎஸ்டி போர்ட்டல் ஓடிபி, வாட்ஸ்அப் ஆர்டர், பழைய கஸ்டமர்கள் எல்லாம் அந்த ஒரு சிம்மில்தான். வாரிசு பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழோடு மொபைல் நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். அதுவரை ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் காலாவதியானால் வேறு யாருக்காவது ஒதுக்கிவிடுவார்கள்.